ஹை ரிஸ்க்னு எழுதுறீங்க, அந்தப் புள்ளகிட்ட யாரு பேசுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய் இறப்பைக் குறைச்சதுல தமிழ்நாடு முன்னாடி நிக்குதுனு உங்க பேப்பர்ல அடிக்கடி பாக்குறேன், சந்தோஷம்தான். 2018-20 கணக்குல உயிரோட பொறக்குற ஒரு லட்சம் குழந்தைக்கு நாடு முழுக்க 97 தாய் இறப்புனா நமக்கு 54, இதுக்குப் பின்னாடி எத்தன நர்சம்மாக்களோட தூக்கம் போயிருக்கும்னு தெரியாதவ இல்ல நான். ஆனா தாயும் புள்ளயும் உசுரோட வீட்டுக்கு வந்தாச்சுன்னா கணக்க மூடிடுறோம், ஹை ரிஸ்க், அதாவது ஆபத்து ஜாஸ்தியான கர்ப்பம்னு எழுதுன பொண்ணு மனசுக்குள்ள அந்தக் கடைசி மாசங்கள்ல என்ன ஓடுச்சுங்கறத எழுத எந்த ரிஜிஸ்டர்லயும் எடம் இல்ல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

எங்களுக்கு காரைக்குடிகிட்ட கோட்டையூர் பக்கம். மருமகன் சிங்கப்பூர்ல வேலை, மகளுக்கு தலைப்பிரசவம், ஏழாம் மாசம் பிபி ஏறி காலு வீங்கி யூரின்ல புரோட்டீன் வேற வந்துருச்சு. கார்டுல ஹை ரிஸ்க்னு எழுதிட்டாங்க. அன்னையிலேர்ந்து பாக்குறவங்க எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை "டென்ஷன் ஆகாதம்மா", டாக்டரும் அதான் சொன்னாங்க, பக்கத்து வீட்டு ஆச்சியும் அதான் சொன்னாக. டென்ஷன் ஆகாதன்னா எப்படி ஆகாம இருக்குறது, அதச் சொல்ல ஒருத்தரும் இல்ல. அதுல இன்னொரு கொடுமையும் இருக்கு, ஆகாத ஆகாதனு சொல்லிச் சொல்லி நாமளே யோசிச்சு யோசிச்சு பிபிய வரவச்சுக்கிட்டோம்னு அந்தப் புள்ள நம்ப ஆரம்பிச்சுருச்சு. ராத்திரியில "அம்மா என்னாலதான் குழந்தைக்கு இப்புடி ஆகுதா"ன்னு கேக்குது, நான் என்னத்தச் சொல்ல.

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம், பேர் வேணாம். அங்க வயித்துல பெல்ட் கட்டி குழந்தையோட இதயத்துடிப்பு பாக்குற மிஷின் இருக்கு, என்எஸ்டினு சொல்றாங்க, துடிப்பு நிமிசத்துக்கு 110லேர்ந்து 160க்குள்ள இருந்தா நல்லதாம். மாட்டி விட்டுட்டு ஸ்டாஃப் வேற பெட்டுக்குப் போயிட்டாங்க, தப்புனு சொல்லல, வார்டு முழுக்க அம்புட்டுக் கூட்டம். நடுவுல அந்த நம்பர் சட்டுனு கீழ எறங்குது, சத்தமே நின்னு போகுது, என் மக மூஞ்சிய நான் இன்னைக்கும் நெனச்சுப் பாக்க விரும்பல. ஓடிப்போய் கூப்ட்டா வந்து பெல்ட்ட நகத்தி வச்சாங்க, திரும்ப டப் டப்னு கேட்டுச்சு, குழந்தை பொரண்டுருக்கு, பெல்ட் வெலகிருக்கு, அவ்ளோதான். மாட்டும்போதே "குழந்தை அசைஞ்சா சத்தம் நிக்கும், பயப்படாத, கூப்புடு நான் வர்றேன்"னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும்ல.

வலிப்பு வரக்கூடாதுனு மக்னீசியம் ஊசி போட்டாங்க. அது போட்டா உடம்பெல்லாம் குப்புனு சூடா ஆகுமாம், அது இயல்புதானாம், நமக்கு எப்படித் தெரியும், உசுரே போகுதுனு கத்திருச்சு புள்ள. அப்பறம் சுத்தியல் மாதிரி ஒண்ண வச்சு முட்டியத் தட்டித் தட்டி வேற பாக்குறாங்க, எதுக்குத் தட்டுறாங்கனு கேக்கவே பயம். மருந்து அளவுக்கு மேல போயிடாம இருக்கானு பாக்கத்தான் முட்டியத் தட்டுறது, மூச்ச எண்ணுறது, மூத்திரம் அளக்குறது எல்லாம்னு பின்னால ஒரு நைட் டூட்டி சிஸ்டர் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு.

அந்த சிஸ்டரப் பத்திச் சொல்லியே ஆகணும். வயசு முப்பது கூட இருக்காது. பிபி பாக்க வந்தா ஒடனே பட்டைய சுத்த மாட்டாங்க, அஞ்சு நிமிசம் உக்கார வச்சு, பேசாம இருக்கச் சொல்லி, அப்பறம்தான் பாப்பாங்க. "இந்த பிபி நீ வரவச்சது இல்லம்மா, நஞ்சுக்கொடி சரியா பதியாததுல ஆரம்பிக்குற விஷயம், நீ அழுததால வரல"ன்னு அவங்கதான் சொன்னாங்க. அன்னைக்குத்தான் என் மக ஒழுங்காத் தூங்குச்சு. குழந்தை நுரையீரல் பலப்பட 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 ஊசி போட்டப்பவும் எதுக்குனு முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்க வீட்டுப் பெரியவங்க ஏழாம் மாசத்துப் புள்ள தங்கும் எட்டாம் மாசத்துப் புள்ள தங்காதுனு ஒரு பேச்சு வச்சிருப்பாங்கள்ல, அத மக தயங்கித் தயங்கிக் கேட்டப்பவும் சிரிக்கல, திட்டல, "வயித்துக்குள்ள ஒரு வாரம் கூட இருந்தா அம்புட்டும் லாபம், எட்டு ஏழ விட நல்லதுதான்"னு சொன்னாங்க. மருமகன் வீடியோ கால்ல வந்தப்ப ரெண்டு நிமிசம் அவர்கிட்டயும் பேசுனாங்க. இதெல்லாம் அவங்க டூட்டி சார்ட்ல இல்லாத வேலை, அவங்க கொணத்தால செஞ்சது. அவங்க ஆஃப்ல இருந்த நாள்ல இதெல்லாம் எதுவுமே நடக்கல பாருங்க, நான் சொல்ல வர்றது அதுதான். ஆளோட கொணத்த நம்பி இருக்கக்கூடாது, பிபி எழுதுற மாதிரி, மருந்து குடுக்குற மாதிரி இதையும் ஒரு வேலையா வைக்கணும்.

செய்ய முடியாத காரியமும் இல்ல. கர்ப்பிணிங்க மனநிலையப் பாக்க பத்தே கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, எடின்பரோ ஸ்கேல்னு பேரு, 1987லேர்ந்து இருக்கு, தமிழ்லயும் போட்டுச் சரிபாத்திருக்காங்க. ஒலக சுகாதார நிறுவனமே கர்ப்பிணிங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சனைனு சொல்லுது, நம்மள மாதிரி நாடுகள்ல அத விட ஜாஸ்தியாம். மாசாமாசம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு ஸ்பெஷல் செக்கப் நடத்துறாங்கள்ல, 2016லேர்ந்து நடக்குது, அன்னைக்கு ஸ்கேன், ரத்தம், சுகர் எல்லாம் பாக்குறாங்க. அங்கயே ஒரு ஓரத்துல ட்ரெயினிங் எடுத்த ஒரு நர்ச உக்கார வச்சு, கார்டுல ஹை ரிஸ்க்னு போட்ட புள்ளைங்கள மட்டுமாவது தனியாக் கூப்ட்டு, மாமியா பக்கத்துல இல்லாம அந்தப் பத்துக் கேள்வியக் கேக்கச் சொல்லுங்க.

கிராம சுகாதார நர்சு செய்யட்டுமேனு ஈசியாச் சொல்லிடலாம். ஒருத்தருக்கு அஞ்சாயிரம் சனம், தடுப்பூசி, வீடு வீடா நடை, அது போக கர்ப்பிணிங்க விவரத்த கம்ப்யூட்டர்ல ஏத்துற பிக்மி பதிவு, நெட் வரலனா ராத்திரி வீட்ல உக்காந்து ஏத்தணும். டேட்டா ஏத்துற வேலைய வேற ஆளுகிட்ட குடுங்க, அவங்க பேச நேரம் வரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய்க்கு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் குடுக்குறாங்க, ரொம்பப் பேருக்கு ஒதவுது, ஆனா பெட்டகம் பேசாதுல்ல.

நம்ம ஊருக்குனு ஒரு சங்கதியும் இருக்கு. இங்க பாதி வீட்ல ஆம்பளைங்க வெளிநாடு, இல்லனா சென்னை, வீடு அரமனை மாதிரி, வளவுல கூப்ட்டா ரெண்டாம் கட்டுல இருக்குறவங்களுக்குக் கேக்காது, உள்ள ஒரு வயசான ஆச்சியும் ஒரு புள்ளத்தாச்சியும் மட்டும். பிபி கூடுனா இங்கேர்ந்து சிவகங்கை மெடிக்கல் காலேஜ், இல்லனா மதுரை பெரியாஸ்பத்திரினு எழுதிடுவாங்க, மதுரை சுமாரா 90 கிலோமீட்டர். 108 வந்து நிக்கும்போதுதான் புள்ளைக்கு விஷயமே தெரியுது. எதுக்கு அனுப்புறோம், அங்க யாரப் பாக்கணும், குழந்தைக்கு என்ன வசதி இருக்குனு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நர்சு சொன்னா அந்த ரோடு பூராவும் அழுதுகிட்டே போக வேண்டியதில்ல. சாப்பாடும் அப்படித்தான், சுகர் வந்த புள்ளைக்கு வளைகாப்பு வச்சு கந்தரப்பம், பணியாரம்னு தட்டு தட்டா நீட்டுறோம், அது சாப்ட்டா ஆஸ்பத்திரில திட்டு, சாப்டலனா சொந்தத்துல திட்டு. எத எவ்ளோ சாப்டலாம்னு வீட்டுக்காரங்கள வச்சுக்கிட்டு ஒரு நர்சு சொன்னா மாமியாரும் கேப்பாங்க, மருமக சொன்னா கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. பிரசவத்துல கூட ஒரு பொம்பளத் துணை இருக்கலாம்னு அரசாங்கமே சொல்லுது. ஆனா சீரியஸ்னு சொல்லி உள்வார்டுக்கு மாத்துன ஒடனே துணைய வெளிய அனுப்பிடுறாங்க, பயம் ஜாஸ்தியா இருக்குறதே அங்கதான். இன்ஃபெக்‌ஷன் வரும், எடம் இல்லனு சொல்றது புரியுது, கவுன் போட்டு ஒருத்தர விடலாம், இல்லனா மணிக்கொரு தடவ வெளிய வந்து தகவல் சொல்லவாவது ஒரு ஸ்டாஃப் வேணும். மனநல ஹெல்ப்லைன் 14416 ராத்திரி பகல் ஓடுது, தமிழ்ல பேசலாம், காசு இல்ல, நாங்க போன எந்த வார்டுலயும் அந்த நம்பர் சுவத்துல இல்ல, நானே இதப் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மாவட்ட சுகாதார அதிகாரிங்க இதப் படிச்சா, அடுத்த 9ஆம் தேதி செக்கப்புக்கு காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எங்கயாவது ஒரு எடத்துல ரெண்டு நாற்காலி போட்டு ஆரம்பிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்.