கண்டியின் பெயரைக் கடன் வாங்காதீர்கள்: மலைநாட்டு ஓடுபாதை குறித்து ஒரு திறந்த மடல்

இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கும், விமான நிலையங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

மஸ்கெலியாப் பகுதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மலைநாட்டுக்கென ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு, ஒருமுறை கண்டியைச் சுற்றியும் இன்னொருமுறை நுவரெலியாவைச் சுற்றியும், எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. அது எழும்போதெல்லாம், சொந்த ஜெட் விமானங்களில் செல்வந்தச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்குவார்கள் என்ற ஆசையும் கூடவே வருகிறது. பேச்சு வரைபடமாகி, வரைபடம் வர்த்தமானி அறிவித்தலாகிவிட்ட பிறகு எங்களைப் போன்றவர்கள் வாய்திறப்பதில் பயனில்லை என்பதை அனுபவத்தில் கண்டவன் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த நிலையத்துக்கு வைக்கும் பெயரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். ஓடுபாதை போட்டு, கட்டடம் எழுப்பி, நாடா வெட்டும் வாரத்தில் தீர்மானிக்கும் சிறு விடயம் அது என்று நினைக்கத் தோன்றும். பிற நாடுகளில் நடந்திருப்பது வேறு. பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்டை அடுத்த கிட்லிங்டன் கிராமத்தருகே உள்ள சிறு விமான நிலையம் 2009இல் 'லண்டன் ஒக்ஸ்போர்ட்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அங்கிருந்து லண்டனின் நடுப்பகுதிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். கென்ட் கரையோரத்துச் சிற்றூரான லிட்டின் விமான நிலையமும் 'லண்டன் ஆஷ்போர்ட்' எனப் பெயர் சூட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் போர்விமானத் தளமாக இருந்த பிகின் ஹில், 'லண்டன் பிகின் ஹில்' என்ற பெயரோடு வணிக ஜெட்கள் கூடும் இடமாக வளர்ந்திருக்கிறது. (அது லண்டன் மாநகர எல்லைக்குள்ளேயே இருப்பதால் அதன் உரிமையை நான் மறுக்கவில்லை.) ஹீத்ரோ போன்ற பெரிய நிலையங்களில் இறங்கும் நேரம் கிடைப்பது அரிது. சொந்த விமானத்தில் வருபவர் பணம் கொடுப்பதே காத்திருக்காமல் இருப்பதற்குத்தான். அவர் தேடுவது ஊரையல்ல, நகரத்தை. ஆகவே சிறிய நிலையம் நகரத்தின் பெயரை மாட்டிக்கொள்கிறது. பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற ஓடுபாதை, நிறுத்துமிடம், நீண்ட வேலைநேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறது. பெயர் முன்னே போகிறது, விரிவாக்கம் அதன் பின்னால் வருகிறது.

ஜேர்மனியில், பிராங்பேர்ட் நகரிலிருந்து 100 கிலோமீற்றருக்கும் அப்பால், பழைய அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்று 'பிராங்பேர்ட் ஹான்' ஆகியது. மலிவுக் கட்டணப் பயணிகள் சில காலம் அங்கே குவிந்தார்கள். 2021இல் அந்த விமான நிலைய நிறுவனம் கடன் தீர்க்க இயலாத நிலைக்கு வந்து நீதிமன்றம் சென்றது. அமெரிக்காவின் ஓக்லண்ட் விமான நிலையம் 2024இல் 'சான் பிரான்சிஸ்கோ குடா' என்ற சொற்களைத் தன் பெயரின் முன் சேர்த்தபோது சான் பிரான்சிஸ்கோ மாநகரமே வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டில் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. பெயர் வெறும் பலகை என்றால் இரு நகரங்கள் அதற்காக நீதிமன்றம் ஏறியிருக்கமாட்டா.

நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். கம்பஹா மாவட்டத்துக் கட்டுநாயக்காவில் இறங்கும் விமானத்தின் பயணச்சீட்டில் கொழும்பு என்றுதான் இருக்கிறது. எங்கள் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹட்டனில் இரவு பஸ் ஏறி, கொழும்பைக் காணாமலேயே நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் முன்னோரும் பெயரை அகல விரித்தவர்கள்தாம்: தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்களுக்குக் கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைகள் அனைத்துமே 'கண்டிச் சீமை'. ஆனால் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு மலைக்கும் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். துரைமார் ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கொண்டுவந்து சூட்டிய டன்சினன், காசல்ரீ போன்ற பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வேறு பெயர் புழங்கியது. நூரளை என்று சொன்னால் இன்றும் எங்கள் முதியவர்களுக்கு நுவரெலியா விளங்கும். நாங்கள் வாழும் நிலத்துக்கு நாங்கள் வைத்த பெயர் எந்த அரச ஆவணத்திலும் ஏறாத வரலாறு எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. நோர்வூட்டிலோ தலவாக்கலையிலோ மலையைச் சீவி ஓடுபாதை போட்டு, அதற்குக் 'கண்டி சர்வதேச' என்று பெயர் வைத்தால், அந்த வரலாற்றில் மேலும் ஒரு பக்கம் சேரும்.

இதை வெறும் மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிலையம் எந்த ஊரின் பெயரில் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் அது பதில் சொல்லக் கடமைப்படும். இரைச்சல், இழந்த நிலம், திசைமாறிய ஓடை பற்றிய முறைப்பாடுகள் எழும்போது, பெயரிலேயே இல்லாத ஊர் மேசையில் எங்கே இடம்பெறும்? லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள பார்ன்பரோவில், தனியார் ஜெட்களுக்கான நிலையம் ஆண்டுக்கு 50,000 ஆக இருந்த தன் பறப்பு வரம்பை 70,000 ஆக உயர்த்த விண்ணப்பித்தபோது, சுற்றுவட்டார மக்கள் எழுந்து நின்று எதிர்க்க முடிந்தது. அந்தத் தகராறு அவர்களது ஊர்த் தகராறாகவே ஊரறிய நடந்தது.

இனி நிலத்துக்கு வருகிறேன். வகுப்பில் நான் கற்பித்த பாடம் இது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசையும் இயந்திரத்துக்கு வலுவும் குறையும். ஆகவே விமானம் கூடுதலான தூரம் ஓடியே எழும்ப முடியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விமான நிலைய வடிவமைப்புக் கைநூல், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஓடுபாதை நீளத்தை 7 வீதம் கூட்டச் சொல்கிறது. கண்டம் தாண்டிப் பறக்கும் பெரிய வணிக ஜெட் ஒன்று முழுச் சுமையோடு கடல் மட்டத்தில் எழும்ப ஏறத்தாழ 1800 மீற்றர் தேவை. கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை அந்த அளவில்தான் இருக்கிறது. அதே விமானத்துக்கு, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், வெப்பநிலைக்கான திருத்தம் சேர்க்காமலே 2500 மீற்றருக்கு மேல் வேண்டும். கருவிகளின் துணையோடு இறங்கும் அத்தகைய ஓடுபாதையைச் சுற்றி 280 மீற்றர் அகலத்துக்குத் தடையற்ற நிலமும், இரு முனைகளிலும் 60 மீற்றர் கூடுதல் நீளமும் சர்வதேச விதிகளின்படி இருக்க வேண்டும்.

பெருக்கிப் பார்த்தால், அந்தப் பட்டை மட்டுமே 73 ஹெக்டேயர், அதாவது 181 ஏக்கர். முனையக் கட்டடம், விமானம் நிறுத்துமிடம், அணுகுவீதி, சீவிய மலைச்சரிவைத் தாங்கும் மதில் எவையும் இந்தக் கணக்கில் இல்லை. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்ட 10 பேர்ச்சஸ் என்று வைத்தால், 2900 குடும்பங்களுக்குப் போதுமான நிலம் அது. இருநூறு ஆண்டுகள் உழைத்த மக்களுக்கு ஏழு பேர்ச்சஸா பத்து பேர்ச்சஸா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிய நாட்டில், பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிவரும், சில வேளை வெறுமையாகவே பறக்கும் விமானங்களுக்கு 181 ஏக்கரை ஒரே கையெழுத்தில் ஒதுக்கினால், அதை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மலைகள் விமானங்களுக்கு எளிதில் வழிவிடுபவையும் அல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு விமானம் ஒன்று, கட்டுநாயக்காவை நெருங்கிவிட்டதாக எண்ணித் தாழப் பறந்து, ஏழு கன்னிமலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மறுநாள் காலை பெரியவர்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலையேறியதும், திரும்பி வந்து சில நாட்கள் யாருடனும் பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. அந்த விமானத்தின் சில்லு ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. 2020 ஜனவரி 3ஆம் திகதி ஹப்புத்தளையில் விமானப்படையின் சிறு விமானம் விழுந்து நால்வர் உயிரிழந்தனர். கருவிகள் இன்று வெகுவாக முன்னேறியுள்ளன என்பதை அறிவேன். மலைமேல் முகில் இறங்கும் விதம் மட்டும் மாறவில்லை.

தெற்கே உள்ள மத்தள விமான நிலையத்தைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. 2013இல் திறக்கப்பட்ட 3500 மீற்றர் ஓடுபாதை, அதற்காக வாங்கிய வெளிநாட்டுக் கடன், பின்னர் அதன் கட்டடங்களில் நெல் களஞ்சியப்படுத்தப்பட்டமை ஆகியவற்றை என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சமதரையிலேயே அப்படியென்றால், மண்சரியும் மலையில் என்னவாகும்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் குறிப்பிட வேண்டும். புதிய விமான நிலையத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். விரிவாக்கத்துக்கோ கொள்ளளவு 50 வீதம் அல்லது அதற்கு மேல் கூடும்போதுதான். முதலில் சிறிய உள்ளூர் நிலையம் என்று அனுமதி பெற்று, பிறகு நாற்பது வீதம், மீண்டும் நாற்பது வீதம் என்று வளர்த்தால், இரண்டே படியில் அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். முதல் அனுமதிக்குப் பிறகு மக்களிடம் ஒருமுறைகூடக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆகவே படிப்படியான விரிவாக்கங்களை முதல் அனுமதியின் அளவோடு ஒப்பிட்டுக் கூட்டிக் கணக்கிடும்படி வேண்டுகிறேன். மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்களிலும், தமிழர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்தில், அதன் முழுத் தமிழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில் மட்டுமன்றித் தோட்டப் பாடசாலைகளிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கச் சுருக்கத்தை மொழிபெயர்த்து வைப்பதை நாங்கள் பிரதி என்று ஏற்கமாட்டோம்.

விமானமே எங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறிய நீர்விமானம் இறங்குவதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்காக ஒரு தேயிலைச் செடிகூடப் பிடுங்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் அறுத்துப் போட்டபோது, துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உதவி வந்தது ஹெலிகொப்டரில்தான். அந்த நாட்களில் எங்களுக்குத் தேவைப்பட்டது 2500 மீற்றர் ஓடுபாதையல்ல. நனைந்து சேறாகாத, மின்கம்பிகள் குறுக்கிடாத, இரவில் ஒளியூட்டக்கூடிய, அரைப் பாடசாலை மைதானம் அளவுள்ள இறங்குதளம். அதைப் பெரிய வைத்தியசாலைகளுக்கு அருகிலும், மண்சரிவால் அடிக்கடி தனித்துப்போகும் தோட்டப் பிரிவுகளிலும் அமைக்க, தாங்கள் ஓர் ஓடுபாதைக்கு ஒதுக்கும் நிதியின் சிறு பங்கே போதும். மலைநாட்டு விமானத் திட்டம் எதுவாயினும் அதன் முதல் தவணை இதுவாக இருக்கட்டும்.

அதற்கு மேலும் ஓடுபாதை ஒன்று வேண்டும் என்றே தாங்கள் தீர்மானித்தால், இடம் தெரிவாகும் நாளிலேயே, முதல் அறிவித்தலிலேயே, அது அமையும் ஊரின் பெயரை மும்மொழியிலும் இடுங்கள். அந்த ஊர்ப் பெயரோடு முதலீட்டாளர் வரமாட்டார் என்று யாராவது தங்களிடம் கூறினால், அதை எழுத்தில் பெற்று அறிக்கையோடு இணையுங்கள். எங்கள் ஊருக்காக வராத முதலீடு எது என்பதை நாங்களும் வாசித்துத் தெரிந்துகொள்வோம்.

இம்மடலுக்கான பதிலைத் தமிழில் அனுப்பிவைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்ததும் அதை எங்கள் தோட்டத்துக் கோவிலின் அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்கப் பரிபாலன சபையாரிடம் இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மஸ்கெலியா.