அம்மாவின் மூச்சுக்குத் துணை நின்ற எல்லாருக்கும்

ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், புனலூரிலும் திருவனந்தபுரத்திலும் எங்களைத் தாங்கிக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

அம்மா நன்றாக இருக்கிறார். ரப்பர் பால் வெட்டப் போவதில்லை, நாங்களும் விடுவதில்லை. ஆனால் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து கோயில் மேடுவரை நடுவில் நிற்காமல் ஏறுகிறார். ராத்திரி ஒரு தலையணை போதும் என்கிறார். மூன்று தலையணையை முதுகுக்கு அடுக்கி, உட்கார்ந்தபடியே இருமி இருமி அவர் விடியவைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும். இந்த மடல் அவர்களுக்கு. எங்களைக் கண்ணால்கூடப் பார்த்திராத சிலருக்கும்தான்.

முதல் நன்றி புனலூர் டாக்டரம்மாவுக்கு. வேறொரு இடத்தில் ஆஸ்துமா என்று சொல்லி, உறிஞ்சும் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நீங்கள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தீர்கள். அம்மாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னீர்கள். ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி அதன் சின்ன வாயை இடது மார்புக்குக் கீழே வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. நீங்கள் அவசரப்படவில்லை. பிறகு கேட்டீர்கள்: "அம்மே, சின்ன வயசுல மூட்டு வீங்கி பனி வந்நிட்டுண்டோ?" பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல்.

அம்மா சொன்ன பதில் எனக்கே புதுசு. "பத்து வயசுல வந்துச்சு டாக்டர். முட்டி வீங்கும், அது வத்துனதும் கணுக்கால் வீங்கும். பள்ளிக்கூடம் அதோட நின்னுபோச்சு." அந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அன்று வந்தது ருமாட்டிக் காய்ச்சல். அது தொண்டைப் புண்ணில் தொடங்குவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் சில வாரத்தில் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு வடியாது. வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் கதவு மாதிரி இருப்பது மைட்ரல் வால்வு. நல்ல வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் அம்மாவுக்கு ஒன்றுக்கும் கீழே இருந்தது. ஒரே அறையில் பெரிய குடும்பம் முழுக்க நெருக்கிப் படுக்கும் இடங்களில்தான் இந்தத் தொண்டைக் கிருமி வேகமாகப் பரவும். லயத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நடுராத்திரியில் மழையென்றும் பாராமல் ஜீப் எடுத்த அண்ணனுக்கும், கடைக்குக் கடை ஏறி இறங்கிப் பணம் சேர்த்த சங்கத்துத் தோழர்களுக்கும், அந்த நாட்களில் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு சேச்சிக்கும் நான் என்ன எழுதினாலும் குறைவுதான். நேரில் வந்து சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் பலூன் சிகிச்சை செய்த டாக்டர்களே, நெஞ்சைத் திறக்காமலே அம்மாவைத் திருப்பித் தந்தீர்கள். முதலில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு, இதயத்துக்குள் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்கள். அப்புறம் தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மேலே போய், இதயத்தின் நடுச்சுவரில் சின்னத் துளையிட்டு, ஒட்டிப்போன வால்வுக்குள் பலூனைக் கொண்டுபோய் ஊதி விரித்தீர்கள். ஊதி இறக்குவது சில நொடி வேலைதான் என்று பிறகு சொன்னீர்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் கன்ஜி இனோவே 1982-ல் முதன்முதலில் செய்து காட்டிய முறை இது. பாறசாலைக்கார சிஸ்டர், சிகிச்சை முடிந்து அம்மா கண் விழித்ததும் நம்ம பேச்சில் "இனி மல்லாந்து படுத்துப் பாருங்கம்மா" என்று சொன்னீர்களே, அம்மா அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

அடுத்த கட்டிலில் இருந்த அக்காவுக்கு சித்ரா வால்வு என்ற செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அவர் மூலமாகத்தான் அந்த வால்வின் கதை எனக்குத் தெரிய வந்தது. மாவேலிக்கரையில் பிறந்த டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவானது அது. முந்தைய மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபோதும் விடாமல் மாற்றிச் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் உயிர் கொடுத்தது. வலியத்தான் 2024-ல் காலமானார். அம்மாவுக்கு அந்த வால்வு தேவைப்படவில்லை. என்றாலும் இந்த மடலில் அவருக்கு ஒரு வணக்கம் வைக்காமல் போக எனக்கு மனசில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த நன்றி.

பலூன் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியது. அப்படித் துடிக்கும் இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அதன் பாடு தெரியும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும், அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஒரு வாரம் முருங்கைக்கீரை கூடினால் அளவு இறங்கும். வலி மாத்திரையைக் கேட்காமல் போட்டால் ரத்தம் கசியும். பரிசோதனைக்குப் போகிற நாளெல்லாம் வேலை போகும், கூலி போகும். ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறது, ரிவராக்சபன், அதற்கு மாற்றிவிடுங்கள் என்று நல்ல மனசோடு பலர் சொன்னார்கள். நானும் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டே விளக்கினார். புது மாத்திரைகள் நல்லவை என்று காட்டிய பெரிய ஆய்வுகளில், அம்மா மாதிரி மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவே இல்லையாம். எங்களைப் போன்றவர்களுக்கு எது நல்லது என்பதற்கு விடையே இல்லாமல் இருந்தது. அந்த விடையைத் தேடித்தான் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் கனடாவின் ஹாமில்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இன்விக்டஸ் ஆய்வை நடத்தினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகள், 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகள். பாதிப் பேருக்குப் புது மாத்திரை ரிவராக்சபன், பாதிப் பேருக்கு அசிட்ரோம் வகைப் பழைய மாத்திரை. 2022-ல் முடிவு வந்தபோது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் சாவு குறைவாக இருந்தது. அவர்களில் பலருக்கு ஐ.என்.ஆர். சரியான அளவில் நிற்கவில்லை. அப்படியும் அந்த முடிவு.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள், சராசரி வயது 50 என்று டாக்டர் சொன்னபோது நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். என் அம்மாவின் வயது, என் அம்மாவின் நோய். எங்கேயோ ஒரு ஊரில், தனக்கு எந்த மாத்திரை விழும் என்று தெரியாமலே சம்மதம் சொல்லி, தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. அக்காமாரே, அம்மாமாரே, என் அம்மா ராத்திரி எந்த மாத்திரையை விழுங்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு என் கோடி நன்றி.

உகாண்டா பிள்ளைகளுக்கும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் எக்கோவில் மட்டும் வால்வுக் கோளாறு தெரிந்த 818 பிள்ளைகளை வைத்து அங்கே ஓர் ஆய்வு நடந்தது. மாசாமாசம் பெனிசிலின் ஊசி போட்டவர்களில் இரண்டு வருஷத்தில் நோய் முற்றியது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. போடாதவர்களில் 8 பேருக்கு. அந்த ஊசி இடுப்பில் எப்படி வலிக்கும் என்று போட்டுக்கொண்ட எந்தப் பிள்ளையும் சொல்லும். அம்மாவுக்குப் பத்து வயசில் அது கிடைத்திருந்தால் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

போன முறை அம்மாவிடமும் ஓர் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டார்கள். வால்வு நோயாளிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் வேலை. அந்த ஆராய்ச்சி உதவியாளர் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. மலையாளத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். நீ போய்த் தமிழ்த் தாளைத் தேடிக் கொண்டுவந்தாய். பக்கம் பக்கமாக வாசித்தாய். "எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க?" என்று அம்மா கேட்டதற்குக் குழாயையே காட்டினாய். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்பதை இரண்டு தடவை சொன்னாய். யோசித்துச் சொல்லுங்கள் என்று வெளியே அனுப்பிவைத்தாய். காபி குடித்துவிட்டு வந்து அம்மா தானாகக் கையெழுத்துப் போட்டார். "நமக்கு யாரோ செஞ்சாங்கல்ல" என்றார்.

எஸ்டேட்டில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது தொண்டை வலி வந்து, அதன் பின்னாலே மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாயு என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள். புனலூருக்கு நான் கூட வருகிறேன். எக்கோவுக்கு எங்கே சீட்டு வாங்க வேண்டும், ஊசி எங்கே போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். மொழி தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
கழுதுருட்டியிலிருந்து,
பால்வெட்டுக்காரம்மாவின் மூத்த மகள்