செவ்வாயைப் போல இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிற கோள்களைப் போலத் தோன்றும் பூமியின் நிலங்களைத் தேடிப்போய் ஆராயும் நிலவியலாளரைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்வெளி என்றாலே ராக்கெட்டும் தொலைநோக்கியும் என்றாகிவிட்ட காலத்தில், கையில் சுத்தியலோடு பாறைகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழிக்கும் ஒருவருக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே எண்ணம்தான் வருகிறது. சிலி நாட்டின் அடகாமா பாலைவனம் செவ்வாயைப் போல இருக்கிறது, ஐஸ்லாந்து நிலவைப் போல இருக்கிறது. படங்களும் அதையேதான் சொல்கின்றன. எனக்குத் தெரிந்தவரை, அந்த ஒற்றுமையை எங்கே வரை நம்பலாம், எங்கே அது கைவிட்டுவிடும் என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1891-ல் அங்கே போனவர் குரோவ் கார்ல் கில்பர்ட். அந்தக் காலத்து அமெரிக்க நிலவியலாளர்களில் முதல் வரிசைக்காரர். விண்ணிலிருந்து ஏதாவது வந்து விழுந்திருக்குமோ என்ற கேள்வியோடுதான் போனார். எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, நிலத்தடியில் நீராவி வெடித்து உண்டான பள்ளம் என்று முடிவுக்கு வந்தார். நிலவின் பள்ளங்கள் மோதலால் உண்டானவை என்று சரியாக வாதாடியவரும் இதே கில்பர்ட்தான். தொலைவில் இருந்ததைச் சரியாகப் படித்தவருக்குக் காலடியில் இருந்தது பிடிபடவில்லை. வட்டமான பள்ளத்தை எரிமலையும் உண்டாக்கும், விண்கல்லும் உண்டாக்கும். உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது.

அதைத் தீர்த்து வைத்தவர் யூஜின் ஷூமேக்கர் என்ற அமெரிக்க நிலவியலாளர். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனை உண்டாக்கிய பள்ளங்களை அவர் முதலில் ஆராய்ந்தார். அங்கே விளிம்பில் பாறை அடுக்குகள் புரண்டு, கீழே இருக்க வேண்டியது மேலே வந்து தலைகீழாகக் கிடந்தன. அரிசோனா பள்ளத்தின் விளிம்பிலும் அதே வரிசை. அப்புறம் 1960-ல் எட்வர்ட் சாவோவும் ஷூமேக்கரும் மற்றவர்களும் சேர்ந்து அங்கே கோசைட் என்ற தாது இருப்பதை அறிவித்தார்கள். மணலில் சாதாரணமாகக் கிடைக்கும் குவார்ட்ஸ் என்ற தாது மிகப்பெரிய அழுத்தத்தில் சிக்கினால்தான் கோசைட்டாக மாறும். நிலத்தின் மேற்பரப்பில் எந்த எரிமலையாலும் அவ்வளவு அழுத்தம் கொடுக்க முடியாது. ஜெர்மனியின் ரீஸ் பள்ளத்திலும் அதே தாது கிடைத்தது. பலர் எரிமலை வேலை என்று கருதிவந்த அந்தப் பள்ளத்துக்குள்ளேதான் நோர்ட்லிங்கன் நகரம் இருக்கிறது. அந்த ஊர்த் தேவாலயத்தைக் கட்டிய கல்லே மோதலில் பிறந்த கல்தான்.

ஷூமேக்கர் நிலவுக்குப் போக ஆசைப்பட்டார். அட்ரீனல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோய் இருந்ததால் அது நடக்கவில்லை. விண்வெளி வீரர்களுக்குப் பாறைகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஃபிளாக்ஸ்டாஃபில் கோள் நிலவியலுக்கென்று ஓர் ஆய்வு மையத்தையே உருவாக்கினார். 1997-ல் ஆஸ்திரேலியாவில் மோதல் பள்ளங்களைத் தேடிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது சாலை விபத்தில் இறந்தார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை லூனார் பிராஸ்பெக்டர் விண்கலம் சுமந்து சென்றது. 1999 ஜூலை 31 அன்று அந்தக் கலம் நிலவில் மோதியது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஒற்றுமை ஏமாற்றிய கதைகளைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் என் முக்கியக் குறை. அப்போலோ 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிலவின் டெஸ்கார்ட்டஸ் மேட்டுநிலத்தைப் படங்களில் பார்த்தவர்கள் அது எரிமலைப் பாறையாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். பூமியில் அப்படிப்பட்ட வடிவம் கொண்ட எரிமலை நிலங்கள் இருக்கின்றன. 1972 ஏப்ரலில் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் அங்கே இறங்கி நடந்தார்கள். எரிமலைப் பாறை எங்கே? கண்ணில் பட்டதெல்லாம் மோதல்களில் நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்ட பாறைகள். எதிர்பார்த்தது அங்கே இல்லை என்பதை அவர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள். பூமியில் பாறை பாறையாகக் காட்டிப் பழக்கியிருந்ததால்தான் அது முடிந்தது. முந்தைய ஆண்டு அப்போலோ 15 வீரர்களும் வெள்ளையாகக் கிடந்த ஒரு கல்லை நிலவில் பார்த்தவுடனே, நிலவின் பழைய மேலோட்டுப் பாறையான அனார்த்தோசைட்டாக இருக்கும் என்று இனம் கண்டார்கள். அவர்களுடைய ஆசிரியர் லீ சில்வர், கலிஃபோர்னியா மலைகளில் அதே வகைப் பாறையைக் காட்டிப் பயிற்சி கொடுத்திருந்தார்.

செவ்வாயின் ஓடைகள் இன்னும் நல்ல பாடம். 2000-ல் மைக்கேல் மாலினும் கென்னத் எட்ஜெட்டும் செவ்வாயின் பள்ளச் சுவர்களில் புத்தம்புதிய நீரோடைத் தடங்கள் போன்றவை இருப்பதாக அறிவித்தபோது உலகமே தண்ணீர், தண்ணீர் என்றது. பூமியின் குளிர்ப்பிரதேசச் சரிவுகளில் அச்சு அசலாக அப்படியே இருக்கும் ஓடைகளைக் காட்டவும் முடிந்தது. பிறகு சுற்றுக்கலம் ஒன்று அதே சரிவுகளை ஆண்டுதோறும் படமெடுத்தது. கரியமில வாயு உறைபனியாகப் படியும் பருவத்தில்தான் பெரும்பாலான மாற்றங்கள் நடக்கின்றன என்று தெரிந்தது. மணற்குன்றுகளில் காணும் நேர்கோட்டுத் தடங்களுக்கு என்ன காரணம் என்று கண்டறிய ஆய்வாளர்கள் யூட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் மணல்மேடுகளில் ஏறி, உறைந்த கரியமில வாயுவான உலர்பனிக் கட்டிகளைச் சறுக்கிவிட்டுப் பார்த்தார்கள். கட்டிக்கு அடியில் வாயு மெத்தை போலக் கிளம்பி அதைத் தாங்கிக்கொண்டு போனது. 2013-ல் வெளியான ஆய்வு இது. இங்கே ஒத்த நிலத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, செவ்வாயில் நடப்பதாக நினைத்த செயலையே பூமியின் மணலில் நடத்திக் காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடகாமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் கட்டுரை அதன் சிவப்பு நிறத்தைத்தான் கொண்டாடுகிறது. நிறத்தைவிட அந்த மண்ணின் வேதியியல்தான் பெரிய விஷயம். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைகிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கியபோது குளோரின் கலந்த சில சேர்மங்கள் வந்தன. கலத்தைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற, குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பைக் கண்டது. அதன்பின் ரஃபேல் நவாரோ கொன்சாலஸ் குழுவினர் அடகாமா மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கினார்கள். அதே வகைச் சேர்மங்கள் வந்தன. வைகிங் தேடிய, உயிர்களுக்கு அடிப்படையான கரிமப் பொருள் செவ்வாய் மண்ணில் இருந்திருக்கலாம், பெர்குளோரேட்டோடு சேர்த்துச் சூடாக்கியதே அதை அழித்திருக்கலாம் என்ற வாதம் பிறந்தது. எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இருந்தாலும் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு முடிவை ஒரு பிடி பாலைவன மண் மறுபடி விசாரணைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இப்படிப்பட்டவர்கள் எங்கே படித்து வருகிறார்கள் என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. எரிமலையைப் படித்தவர், பனியாறுகளைப் படித்தவர், மணற்குன்றுகளையே வாழ்க்கையாகக் கொண்டவர் என்று ஆளுக்கொரு வழியாக வருகிறார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ் செவ்வாயைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க மாட்டார். வாஷிங்டன் மாநிலத்தின் அரிக்கப்பட்ட பாறைவெளி ஒரு மாபெரும் வெள்ளத்தில் உண்டானது என்று 1923-ல் எழுதி, பல பத்தாண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்தார். மாரினர் 9 விண்கலம் செவ்வாயின் பிரம்மாண்டமான கால்வாய்களைப் படமெடுத்து அனுப்பியபோது, அவற்றைப் படிக்கப் பூமியில் இருந்த நல்ல உதாரணம் அவர் நடந்து அளந்த அந்த நிலம்தான். 1997-ல் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் அப்படியொரு கால்வாயின் முகப்பில் இறங்குவதற்கு முன், திட்டக் குழுவினர் அந்தப் பாறைவெளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதே சமயம், செவ்வாயின் சில கால்வாய்களைத் தண்ணீர் போல ஓடிய எரிமலைக் குழம்பே அரித்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. சரி, வாதிடட்டும். அதற்காகத்தானே ஒப்பிடுகிறோம்.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. மகாராஷ்டிராவின் லோனார் பள்ளம் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் விண்கல் மோதி உண்டானது. பூமியில் அது மிக அரிது. நிலவிலும் செவ்வாயிலும் பசால்ட்தான் பெருமளவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண்ணுக்கு ஈடான மண்ணைச் செய்தது.

கடைசியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். பூமிப் படத்தையும் கோளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடும்போது, இரண்டின் அடியிலும் அளவுகோல் கொடுங்கள். சனியின் நிலவான டைட்டனின் மணற்குன்றுகள் நமீபியாவின் குன்றுகளைப் போலவே இருக்கும், ஆனால் அந்த மணல் கரிமப் பொருளால் ஆனது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். அந்த நிலவியலாளரையே கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்