சேவத்தூரில் இருப்பது நரம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த யுரேனியம் கட்டுரை படித்தேன். யுரேனியம் பாறை நரம்புகளில் கிடைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அதே மூச்சில் பழைய வட ஆற்காட்டின் சேவத்தூரையும் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு. திருப்பத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் "எங்க கிணத்துக்கடியில யுரேனியம் ஓடுதாமே" என்று பயந்து போன் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சாதாரண கிரானைட்டிலேயே டன்னுக்கு மூன்று, நான்கு கிராம் யுரேனியம் உண்டு. ஆழத்தில் ஓடும் வெந்நீர் அதைக் கரைத்துப் பாறை வெடிப்புகள் வழியே கொண்டுபோகும். ஆக்சிஜனேற்றம் அடைந்த யுரேனியம்தான் அப்படிக் கரையும். வழியில் சல்பைடு கனிமமோ, கரிப்பொருளோ, இரும்புச்சத்துள்ள பாறையோ குறுக்கிட்டால் அது ஒடுக்கமடைந்து, கரைய முடியாமல் அங்கேயே படிந்துவிடும். இதுதான் நரம்பு. வெடிப்பின் நடுவில் கால்சைட், குவார்ட்ஸ் கனிமங்கள். அவற்றோடு பிட்ச்பிளெண்ட் என்ற கரிய யுரேனியத் தாது, உருண்டு திரண்ட மொத்தைகளாக, கையில் எடுத்தால் எதிர்பாராத கனத்தோடு. ஓரத்துப் பாறை பல இடங்களில் ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் ஏறிச் சிவந்திருக்கும். மேலே காற்றும் மழையும் பட்ட பகுதியில் மஞ்சளும் பச்சையுமாகப் பொருக்கு கட்டும்.

செக் நாட்டின் யாக்கிமோவ் சுரங்கம் இதற்குப் பேர்போனது. வெள்ளிக்காகத் தோண்டிய ஊர் அது. வேண்டாமென்று ஒதுக்கிய இந்தக் கறுப்புக் கல்லின் கழிவிலிருந்துதான் கியூரி தம்பதி ரேடியத்தைப் பிரித்தார்கள்.

சேவத்தூர் கதையே வேறு. அங்கே இருப்பது கார்பனடைட்: வெந்நீர் கொண்டுவந்து படிய வைத்ததல்ல, பூமியின் ஆழத்திலிருந்து உருகி மேலேறி இறுகிய கார்பனேட் பாறை. அதில் அபடைட், மேக்னடைட் கனிமங்களோடு, நையோபியம் என்ற உலோகம் அடங்கிய பைரோகுளோர் கனிமமும் உண்டு. யுரேனியம் அந்தப் பைரோகுளோர் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. அந்த ஊரில் வெட்டியெடுப்பது வெர்மிகுலைட். அடுப்பில் போட்டால் பொரி மாதிரி உப்பும் அந்தச் செதில் கல்.

கிணற்று நீரில் யுரேனியம் இருக்கிறதா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதற்காக ஊருக்கடியில் நரம்பு ஓடுகிறது என்று எழுதிவிடக் கூடாது. பயப்படுகிறவர்கள் உங்கள் வாசகர்கள்தான். அடுத்த இதழில் ஒரு நிலவியலாளரைக் கொண்டு, இரண்டு பாறைகளின் படத்தோடு இதை விளக்கி எழுத வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர்.