2018–19 ஆண்டறிக்கை: மறைந்த நம்மவர்களை முன்னிட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மறைந்த உறுப்பினர்களின் வீடுகளிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உறவுகளே, சங்கத்தின் மூத்தோர்களே, இளையவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாகக் கூட்டங்கள், விதைப் பகிர்வு, பயிற்சி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இரங்கலுக்கு வருவோம். இந்த ஆண்டு இரங்கலை முதலில் எடுத்துக்கொள்ளச் செயற்குழு ஒப்புக்கொண்டது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பாரம்பரிய நெல்லை விடாமல் பயிரிட்டுவரும் நாம், இந்த ஓராண்டில் அடுத்தடுத்து நம் மூத்த கைகளை இழந்திருக்கிறோம். அவர்களின் பெயர், ஊர், மறைந்த நாள் ஆகியவற்றைத் தலைவர் இரங்கல் தீர்மானத்தில் வாசித்துவிட்டார். நாம் எல்லோரும் எழுந்து நின்றோம். என் அறிக்கையில் அவர்களை நாம் அழைத்துவந்த முறையிலேயே குறிப்பிடுகிறேன்.

முதலில் போனவர் நடவு அத்தை. வைகாசி மாதம், அக்னி நட்சத்திர வெயில் தணிகிற நேரம். சொந்தமாக ஒரு மா நிலம்கூட இல்லாதவர். பதினைந்து வயதில் சேற்றில் இறங்கி, முதுகு வளையும்வரை நட்டவர். நிலம் இல்லாதவரை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று ஒருகாலத்தில் இந்தச் சங்கத்தில் பேச்சு எழுந்தது. அப்படிக் கேட்டவர்களே பின்னர் தங்கள் விதை வயலில் கலந்து முளைத்த வேற்று நெல்லைக் களைய, அதாவது கலப்பு எடுக்க, அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கதிர் வருவதற்கு முன்பே, தாளின் நிறத்தையும் இலை நிற்கும் நிலையையும் பார்த்து, "இது வேற ஆளு" என்று வேரோடு பிடுங்கிவிடுவார். கருங்குறுவை நெல்லுக்குள் ஒளிந்திருக்கும் வேற்று நெல்லைப் பூக்கும் முன்பே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு இருந்தது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தூய விதை அந்தக் கண் கொடுத்தது. விதை நெல்லை எத்தனை நாள் காய வைப்பது, பல்லில் கடித்தால் எப்படி ஓசை வர வேண்டும், விதையை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டும்போது வைக்கோலை எந்தப் பக்கம் புரட்டுவது, நொச்சி இலையை எங்கே வைப்பது எல்லாம் அவருக்குக் கை தெரிந்த விஷயம். கேட்டால் விளக்கமாட்டார். "பக்கத்துல உக்காரு, பாரு" என்பார். உட்கார்ந்து பார்த்தவர்கள் மூன்று பெண்கள். அந்த மூவரும் இன்று இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களைச் சங்கத்தின் விதைத் தேர்வுக் குழுவாக முறைப்படி அமைக்க வேண்டும் என்பதும், அந்த வேலைக்கு நாட்கூலிக்குக் குறையாத தொகை தர வேண்டும் என்பதும் என் முதல் கோரிக்கை. அத்தைக்கு நாம் அப்படித் தந்ததில்லை. தேங்காய், பழம், ஒரு சேலை என்று மரியாதை செய்து முடித்துக்கொண்டோம். அவருடைய மகள் இங்கே இருக்கிறார். அவர் முன்னால் இதைச் சொல்வதுதான் முறை.

ஆவணியில் லஸ்கர் அண்ணன் மறைந்தார். பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் அருகே கோரையாறு, பாமணியாறு என்று பிரிவது நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால் நம் முள்ளியாற்றுப் பக்கத்து வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் ஏறும் என்பதை அண்ணன் விரல்விட்டுச் சொல்வார். அவர் சொன்ன நாளை நம்பித்தான் நாற்றங்காலுக்கு விதை ஊற வைப்போம்.

அவர் போன நேரத்தை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை. 2018 பிப்ரவரி 16இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, தமிழகத்தின் பங்கு 177.25 டிஎம்சி என்று முடிவானபோது, "பங்கு கிடக்கட்டும், கடைமடைக்கு எவ்வளவு?" என்று கேட்டவர் அவர். ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 19இல் திறந்தது. சில நாளிலேயே 120 அடி நிரம்பியது. கர்நாடகத்திலும் கேரளத்திலும் பெய்த பெருமழையில் தண்ணீர் புரண்டு வந்தது. வந்த வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்து மேலணையில், ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நாட்களில் நம் கிளை வாய்க்கால்களில் மண் வெடித்துக் கிடந்தது. படுக்கையில் இருந்த அண்ணனிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது, எந்த மதகு, எத்தனையாவது எண் என்று விசாரித்தார். அவர் கவலை அப்படி. வீட்டில் உள்ளவர்கள் பெயரைச் சொல்லக் கஷ்டப்பட்ட நாட்களில்கூட மதகுகளின் கணக்கு அவருக்குத் தடுமாறவில்லை.

அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்த ஆண்டு எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எங்கே உடைப்பு எடுத்தது, யார் வயல் முதலில் மூழ்கியது என்றெல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். அவர் மகள் அதன் நகலைச் சங்கத்திற்குத் தந்திருக்கிறார். இந்த ஆண்டில் சங்கத்திற்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து அதுதான் என்று நான் கருதுகிறேன். தூர்வாரும் கோரிக்கை மனுவை அடுத்த முறை எழுதும்போது அந்த நோட்டை வைத்தே எழுதுவோம்.

புரட்டாசியில் கோட்டகத்து மாமா. பள்ளக்கால் நிலத்துக்காரர். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் வயலில் என்ன பயிர் வரும் என்று ஊரே கைவிட்டபோது, ஒட்டடையானை விடாமல் பயிரிட்டவர். இருநூறு நாள் வயது கொண்ட நெல் அது. ஆடி, ஆவணியில் புழுதியில் விதைத்து, கிடைத்த மழையில் முளைக்கவிட்டு, பிறகு வெள்ளம் ஏற ஏறத் தானும் உயர்ந்து நின்று, தையிலோ மாசியிலோ கதிர் அறுக்கத் தருவது. கடைசியாக விதைத்த பயிரை அவர் அறுக்கவில்லை. விதைத்தது அவர், அறுத்தது மருமகள். நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது அந்த வயல் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்: காற்றில் மொத்தமாகச் சாய்ந்து, ஒரு வாரத்தில் தலைதூக்கிவிட்டது. கதிர் வராத பருவம் என்பதால் தப்பியது. விளைச்சல் குறைவுதான், ஆனால் விதைக்கு வந்துவிட்டது. மாமா இருந்திருந்தால் அந்த விளைச்சலைக் குறைவு என்று சொல்லவிட்டிருக்க மாட்டார். ஒரு மூட்டை யூரியாவோ ஒரு பாட்டில் மருந்தோ வாங்காத வயலின் கணக்கை மூட்டை எண்ணிக்கையால் மட்டும் பார்க்காதே என்று சண்டைக்கு வருவார். அவருடன் சண்டையிட்ட கூட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

கஜாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாம் அனைவரும் அதில் இருந்தவர்கள். வேதாரண்யம் தொடங்கி முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை போனது. தோப்புக்காரச் சித்தப்பா என்று நாம் அழைத்தவர், நெல்லில் வருகிற நட்டத்தையெல்லாம் தென்னையில் ஈடுகட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. முப்பது வருடம் காய்த்த மரத்துக்கும், இன்னும் முப்பது வருடம் காய்த்திருக்க வேண்டிய மரத்துக்கும் 1,100 ரூபாய். தோப்பில் ஒரு பகுதி அவருக்குக் குத்தகை நிலம் என்பதால் அந்த மரங்கள் கணக்கெடுப்பில் அவர் பேரில் ஏறவே இல்லை. சங்கம் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு உடல் தளர்ந்து, மாசியில் மறைந்தார். அவர் பிள்ளைகள் தோப்பில் மீண்டும் கன்று வைத்திருக்கிறார்கள். கன்றுகளுக்கு இடையே இந்தப் பருவத்தில் பூங்கார் நெல் விதைக்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறுகிய வயது நெல் என்பதால் அங்கே பொருந்தும். விதை சங்கத்திலிருந்து போகும்.

நம் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவரின் மறைவையும் இங்கே பதிகிறேன். புயலுக்குப் பின் மின்சாரம் முழுவதும் திரும்பாத ஊர்களுக்கு 2018 டிசம்பர் 6 காலை அந்தச் செய்தி வந்தது. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் சென்னையில் காலமானார். இரண்டு ஆண்டாகப் புற்றுநோயோடு போராடியவர். சொந்த ஊரான கட்டிமேட்டிற்கு உடல் வந்தபோது, கூரை இல்லாத வீடுகளிலிருந்தும் மரம் விழுந்த தெருக்களிலிருந்தும் விவசாயிகள் வந்து நின்றார்கள்.

2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா நடத்திய நடைபயணத்தில் கைக்குக் கிடைத்த சில நெல் ரகங்கள்தான் தொடக்கம். 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்தின் மாநில ஒருங்கிணைப்பாளராக ஜெயராமன் அண்ணன் ஊர் ஊராக அலைந்து தேடியதில் அது 174 ரகங்களாகப் பெருகியது. 2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் விதி. பத்திரம் இல்லை, பிணை இல்லை. திருப்பித் தராதவர்களும் உண்டு. அவர்களையும் அடுத்த ஆண்டு அழைப்பார். நம் சங்கத்தின் விதைப் பகிர்வு முறையும் அங்கே கற்றுக்கொண்டதுதான். நடவு அத்தை கலப்பு எடுத்த கருங்குறுவையும், மாப்பிள்ளைச் சம்பாவும், காட்டுயானமும் நம் வட்டாரத்தில் பரவியதற்கு அந்த இரண்டு கிலோ பைகள் காரணம். நிலம் நம்முடையது, உழைப்பு நம்முடையது. விதை எங்கிருக்கிறது என்று தேடிக் கொண்டுவந்து கையில் கொடுத்த உழைப்பு அவருடையது. ஐம்பது வயது சாகிற வயதா என்ற கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது?

அவர் போனதும் பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் வந்தார்கள், இரங்கல் கூட்டங்கள் பல ஊர்களில் நடந்தன. நடவு அத்தைக்கும் லஸ்கர் அண்ணனுக்கும் கோட்டகத்து மாமாவுக்கும் தோப்புக்காரச் சித்தப்பாவுக்கும் அப்படி எழுத ஆள் இல்லை. நாம்தான் எழுத வேண்டும். ஜெயராமன் அண்ணன் ரகங்களின் பெயர், வயது, உயரம், தன்மை எல்லாவற்றையும் பதிந்துவைத்துவிட்டுப் போனார். அந்த நெல்லை எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில், எந்தக் கையால் விளைவிப்பது என்ற அறிவு நம் மூத்தவர்களிடம் இருக்கிறது. அது எந்தத் தாளிலும் இல்லை. ஒருவர் போகும்போது ஒரு வயலைப் பற்றிய அறுபது ஆண்டு அனுபவம் அவரோடு போய்விடுகிறது. இந்த ஆண்டு நான்கு முறை அப்படிப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டு இப்படி ஓர் அறிக்கையை எழுத எனக்கு மனமில்லை.

ஆகவே செயற்குழுவின் ஒப்புதலோடு இந்தப் பேரவையின் முன் வைக்கும் தீர்மானம் இது. சங்கத்தில் நினைவுப் பதிவேடு ஒன்று திறக்கப்படும். மறைந்த நால்வரைப் பற்றி அவர்கள் வீட்டாரும் உடன் உழைத்தவர்களும் சொல்வதை அதில் முதலில் எழுதுவோம். அதன் பிறகு, எழுபது வயதைக் கடந்த நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் இளையவர்கள் இருவர் செல்வார்கள். கேட்க வேண்டியவை எளிமையானவை. உங்கள் வயலில் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம்? எந்த நெல் எந்த ஆண்டு கைகொடுத்தது, எது கைவிட்டது? பெருவெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது? களர் நிலத்தில் என்ன போட்டீர்கள்? உப்புக்காற்று அடிக்கும் பக்கம் குடவாழை நெல் நின்றதா? சொல்லுகிறவர் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பெரியவர்களே, பிள்ளைகள் வரும்போது "எனக்கு என்ன தெரியும்" என்று அனுப்பிவிடாதீர்கள். நடவு அத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி வழக்கமான செய்திகள். செயற்குழு தவறாமல் கூடியது. நவம்பர் கூட்டம் மட்டும் புயலால் நடக்கவில்லை. அந்த மாதம் சங்கக் கட்டடத்தின் ஓடுகள் பறந்தன. விதைக் கோட்டைகளை உறுப்பினர்கள் சிலர் தங்கள் வீட்டுக் கட்டிலின் மேல் ஏற்றி நனையாமல் காத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. ஓடு மாற்றும் வேலை முடிந்துவிட்டது. வெளியூர்களிலிருந்து தார்ப்பாயும் அரிசியும் அனுப்பிய நண்பர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். சிவப்பரிசி நெல்லை விற்பதில் இந்த ஆண்டும் சிரமம் நீடித்தது, வெளிச்சந்தையையே நம்பியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

விதைப் பகிர்வு பற்றி ஒரு முடிவு தேவை. நடவு அத்தை கடைசியாகக் கலப்பு எடுத்துத் தந்த கருங்குறுவை இரண்டு கோட்டையாகச் சங்கத்தில் இருக்கிறது. கோட்டகத்து மாமாவின் ஒட்டடையானை அவர் மருமகள் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். ஒட்டடையானைப் பள்ளக்கால் நிலம் உள்ளவர்கள் மட்டும் கேளுங்கள். மேட்டில் போட்டு வீணாக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிலோ. திருப்பித் தருவது நான்கு கிலோ. கணக்கு வாசித்து முடிந்ததும் மேசையில் உள்ள பதிவேட்டில் பெயர், நிலத்தின் இடம், பாசன வாய்க்கால் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்