மெர்ஜ் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும்

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். உன் ஓபன் சோர்ஸ் புராஜெக்டில் ஆறு பேருக்கு மெர்ஜ் உரிமை, அதாவது கோட் மாற்றங்களை ஏற்றுச் சேர்க்கும் உரிமை, கொடுத்துவிட்டாய் என்று மாலதி சொன்னாள். நீயா! கமா மாற்றினால்கூட மூன்று பக்கம் எழுதுகிறவனா! சந்தோஷம். ஆனால் விதி என்று நீ எழுதி வைத்திருப்பது "எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்" என்ற ஒரே வரிதானாமே? அதுதான் உறுத்துகிறது.

மெர்ஜ் உரிமை வெறும் பட்டன். யார் "வேண்டாம்" எனலாம், அது எப்போது செல்லும், இழுபறியானால் யார் தீர்ப்பது? இதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால் விடாமல் வாதாடுபவர் சொல்வதே நடக்கும்.

பல ஓபன் சோர்ஸ் புராஜெக்டுகளை நடத்தும் அப்பாச்சி அமைப்பின் வழக்கத்தை எடுத்துக்கொள். சாதாரண விஷயமென்றால் அறிவித்துவிட்டு 72 மணி நேரம் காத்திரு. எல்லா நேர மண்டலக்காரர்களும் பார்க்க அது போதும். மறுப்பு வராவிட்டால் சம்மதம். கோட் மாற்றத்தை ஒரே ஒரு -1, அதாவது எதிர்ப்பு ஓட்டு, நிறுத்தலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் செல்லாது. புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸில் அந்த வீட்டோ கிடையாது: குறைந்தது மூன்று +1 (ஆதரவு ஓட்டு), அதுவும் -1களைவிட அதிகமாக. இதை மாற்றிவிடாதே. ரிலீஸையும் ஒருவர் தடுக்கலாம் என்றால் பாதுகாப்புத் திருத்தம்கூட அவர் மனசு மாறும்வரை கிடக்கும்.

பைத்தான் நிரல்மொழியைப் பார். பெப் 572 என்ற மொழி மாற்ற முன்மொழிவு பற்றிய சண்டையில் சலித்து 2018 ஜூலையில் அதை உருவாக்கிய கீடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், வாரிசைச் சொல்லாமலே. எப்படி ஆள்வது என்று முடிவாகவே டிசம்பர் ஆகிவிட்டது. ஐந்து பேர் கொண்ட குழு; அதில் ஒரே நிறுவனத்தார் இரண்டு பேருக்கு மேல் கூடாது. உன் ஆறு பேரில் நான்கு பேர் ஒரே கம்பெனியாம். நாளை அந்தக் கம்பெனி கை விரித்தால் நான்கு பேரும் ஒன்றாகக் காணாமல் போவார்கள். கை விரிக்காவிட்டாலோ, அதன் தேவைதான் உன் ரோட்மேப்.

இன்னொன்று, இதில் விளையாடாதே. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர், மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளர் ஆனவர். அதை இயக்கிவிட்ட எம்4 கோப்பு (மென்பொருளைக் கட்டமைக்க உதவும் ஸ்கிரிப்ட்) எல்லோரும் பார்க்கும் கோட் களஞ்சியமான கிட்டில் இல்லவே இல்லை. வெளியிடும் கோப்புத் தொகுப்பான ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது. மெர்ஜ் ரிவ்யூவை எத்தனை பேர் பார்த்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. அதனால் டார்பால் யாருடைய லேப்டாப்பிலிருந்தும் வரக் கூடாது. கிட்டில் அந்தப் பதிப்புக்கு இட்ட டேகிலிருந்து (அடையாளக் குறி) சிஐ என்ற தானியங்கி அமைப்பு உருவாக்கட்டும், இரண்டு பேர் ஒப்புதல் தரட்டும். டொமைன், பேக்கேஜ் கணக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர். ஒரு வருடம் தலைகாட்டாதவரின் உரிமையை எடுத்துவிடு. திரும்பி வந்து கேட்டால் கொடு. இதையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் வராது.

வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. யார் விதியை மாற்றலாம், எத்தனை ஓட்டு வேண்டும் என்ற பகுதியை முதலில் எழுது. மூர்த்தி அண்ணனிடம் இப்போதே காட்டாதே, எட்டாம் வகுப்பிலிருந்து அவர் எதற்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்!

அன்புடன்,
இளங்கோ