பிட்சரின் வெற்றிக் கணக்கும் உங்கள் வாக்குச் சீட்டும்

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜேக்கப் டிகிராம், அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரில் எழுதும் வழக்கப்படி 10 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு வந்து நின்றபோது, வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவரையே முதலிடத்தில் வைத்தீர்கள். 217 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சக வீரர்களின் பிழையால் போனவை நீங்கலாகச் சராசரியாக 1.70 ரன் மட்டுமே கொடுத்தவர், தம் அணியினர் ரன் எடுக்காததற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்பது உங்கள் தீர்ப்பு. 2025இல் 10-10 என்று முடித்த பால் ஸ்கீன்ஸுக்கு முதலிட வாக்குகள் அனைத்தும் விழுந்தன. 1990இல் 27 வெற்றிகளைப் பார்த்து பாப் வெல்ச்சுக்கு விருதளித்து, சராசரி 1.93 வைத்திருந்த ரோஜர் கிளெமென்ஸை ஒதுக்கியதும் இதே சங்கம்தான்.

ஆனால் ஓய்வுபெற்ற சிறந்த வீரர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்குச் சீட்டை எடுத்ததும் பழைய கணக்கு திரும்பி வந்துவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. 2025 தேர்தலில் முதன்முறையாக நின்றவர்களில், 251 வெற்றி பெற்ற சி.சி. சபாத்தியா உடனே தேர்வானார். 169 வெற்றி பெற்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கே கிடைத்தது. சபாத்தியாவின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. அவர் 3,577 இன்னிங்ஸ் வீசியவர், ஹெர்னாண்டஸ் 2,729தான். அந்த உழைப்புதான் காரணம் என்றால் இன்னிங்ஸையே எண்ணுங்கள். அதற்கு வெற்றி என்ற முகமூடி எதற்கு?

வாரன் ஸ்பான் 363 வெற்றி பெற்ற காலத்தில் இந்தக் கணக்குக்குப் பொருள் இருந்தது; தொடங்கிய ஆட்டங்களில் 382ஐ அவரே முடித்தும் வைத்தார். இன்றோ தொடக்க பிட்சர் ஆறாவது இன்னிங்ஸிலேயே பந்தைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். பின்னால் வரும் ரிலீவர் (மாற்று பிட்சர்) முன்னிலையைக் கோட்டைவிட்டு, அடுத்து பேட் செய்யும்போது அவர் அணி மீண்டும் ரன் எடுத்து வென்றுவிட்டால், பெரும்பாலும் வெற்றி அந்த ரிலீவருக்கே எழுதப்படுகிறது.

அந்தக் காலத்திலும் அது முழு நியாயமாக இருந்ததில்லை. 1959 மே 26 அன்று மில்வாக்கியில் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸில் 36 பேரை வரிசையாக வெளியேற்றினார். ஒருவரும் முதல் பேஸை மிதிக்கவில்லை. அவருடைய பிட்ஸ்பர்க் அணியோ 12 ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 13ஆவதில் ஆட்டம் 1-0 என்று கைநழுவ, ஏட்டில் அவர் பெயருக்கு நேரே தோல்வி என்று எழுதினார்கள்.

2009இல் ராண்டி ஜான்சன் 300ஆவது வெற்றியைத் தொட்ட பிறகு வேறெவரும் அந்த எண்ணை எட்டவில்லை. எனவே பிட்சர்களைப் பற்றிய குறிப்புகளை எடுத்து வைக்கும்போது, வெற்றி தோல்வி என்ற பத்தியைக் கடைசியில் பாருங்கள். 2010இல் 13-12 என்றிருந்த ஹெர்னாண்டஸுக்கு நீங்கள் சை யங் விருதளித்தது அப்படிப் பார்த்துத்தானே?

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்